பு-அர் தேநீர் சரியாக வரவில்லையா? குறையை வைத்துக் காரணம் கண்டுபிடிக்க

பு-அர் புதிதாக வாங்கியவர்கள் முதல் வாரத்தில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இது கெட்டுப்போச்சா, இல்லை இப்படித்தான் இருக்குமா?" நியாயமான கேள்வி. மண் வாடை, பழைய மரப்பெட்டி வாடை, கடுங்காப்பி போன்ற நிறம் இதெல்லாம் வேறு தேயிலையில் வந்தால் குப்பைக்குத்தான் போகும். இதில் அதற்குத்தான் காசு கொடுக்கிறோம்.

குறைகளுக்குப் போகுமுன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். சீனாவின் தென்மேற்கில் உள்ள யுன்னான் மாநிலத்தில், பெரிய இலைத் தேயிலையைப் பறித்து, இரும்புச் சட்டியில் வாட்டி, உருட்டி, வெயிலில் காயவைத்து, நீராவி காட்டி வட்டாக அழுத்தினால் அது ஷெங், அதாவது பச்சை பு-அர். அது பல வருடங்களில் தானாக மெல்லப் பதமாகும். அவ்வளவு காலம் யார் காத்திருப்பது என்று 1973-இல் குன்மிங் தேயிலை ஆலையில் ஒரு குறுக்குவழியைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். காய்ந்த இலையைக் குவியலாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, துணி போட்டு மூடி, அவ்வப்போது கிளறிவிட்டு, ஒன்றரை இரண்டு மாதத்தில் புளிக்கவைப்பது. குவியலுக்குள் சூடு 50, 60 டிகிரி வரை ஏறும். இப்படி வருவது ஷோ. கையில் இருப்பது ஷெங்கா ஷோவா என்று தெரியாததால் வரும் குழப்பமே கீழே உள்ளவற்றில் பாதி.

முதலில் ஒரு சோதனை

என்ன குறை என்றாலும் இதைச் செய்துவிட்டு மேலே படியுங்கள். 100 மில்லி பிடிக்கும் மூடிக் கிண்ணத்தில் (சீனர்கள் கைவான் என்பார்கள்) 6 கிராம் இலை போட்டு, தளதளவென்று கொதிக்கும் நீர் ஊற்றி, பத்து விநாடியில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மறுபடி ஊற்றிப் பதினைந்து விநாடி வைத்து வடியுங்கள். உடனே குடிக்க வேண்டாம். மூடியின் உட்புறத்தை முகர்ந்து பாருங்கள். தேநீரைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இன்னும் ஐந்தாறு முறை வடித்த பிறகு, ஊறிய இலையை ஒரு வெள்ளைத் தட்டில் கவிழ்த்து விரலால் பிரித்துப் பாருங்கள். நாக்கு சொல்வதைவிட இந்த இலை சொல்வது அதிகம்.

மீன் வாடை, குளத்துச் சகதி வாடை

ஷோவாக இருந்து, சமீபத்தில் செய்ததாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அது குவியலின் வாடை. புளிக்கவைத்த இலை காற்றாட இருந்தால் ஓரிரு வருடத்தில் பெருமளவு போய்விடும். விவரம் தெரிந்தவர்கள் புது ஷோவை வாங்கியவுடன் குடிக்காமல் ஓரமாக வைத்துவிடுவது இதனால்தான்.

அவ்வளவு பொறுமை இல்லையா? வட்டில் கால் பங்கை உடைத்து, உள்ளே மெருகு பூசாத மண் ஜாடியிலோ வாசனை இல்லாத அட்டைப் பெட்டியிலோ போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி மூன்று நான்கு வாரம் வையுங்கள். போடும்போது ஒரு முறைக்குப் பதில் இரண்டு முறை கழுவுங்கள். தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆறிய நீர் இந்த வாடையைத் தூக்கிக் காட்டும்.

பத்து வருடத்துக்கு மேலான ஷெங்கில் வருவது மீன் வாடையாக இல்லாமல், மழைக்காலத்தில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தது போல இருந்தால், அது கிடங்கு வாடை. ஹாங்காங் வியாபாரிகள் ஷெங்கை வேகமாகப் பதப்படுத்த ஈரமான கிடங்குகளில் அடுக்கி, பிறகு உலர்ந்த இடத்துக்கு மாற்றி ஆறவிடுவார்கள். இரண்டாவது வேலையைச் சரியாகச் செய்யாமல் விற்றால் வாடை நம் வீட்டுக்கு வரும். பரிகாரம் அதேதான், காற்று; மாதக்கணக்கில் ஆகும். ஹாங்காங் சிற்றுண்டிக் கடைகளில் இதோடு உலர்ந்த சாமந்திப்பூ நாலைந்து சேர்த்துப் போடும் வழக்கம் உண்டு. செய்து பாருங்கள், கிடங்கு வாடை நன்றாகவே அடங்கிவிடும்.

வெள்ளையாக ஏதோ இருக்கிறது: பூஞ்சையா?

அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். அவசரப்பட்டுக் குடித்தும் விடாதீர்கள்.

போன் கேமராவை அருகில் வைத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இளம் மொட்டுகளின் மேல் இயல்பாகவே வெள்ளி ரோமம் இருக்கும். அது இலையோடு ஒட்டி, ஒரே பக்கமாகப் படிந்திருக்கும், விரலால் தேய்த்தால் வராது. பூஞ்சை அப்படியல்ல. ஒரு இலையிலிருந்து இன்னொரு இலைக்கு நூலாம்படை போலப் பாலம் கட்டியிருக்கும், அல்லது மாவு தூவியது போலத் தேய்த்தால் வந்துவிடும். முகர்ந்தால் மூக்கு கரிக்கும்.

பச்சை, கறுப்பு, அல்லது பஞ்சு போலப் புசுபுசுவென்ற எதுவாக இருந்தாலும் பேச்சே இல்லை, குப்பைதான். பாதிப் பக்கத்தைச் சுரண்டிவிட்டு மீதியைக் குடிக்கலாமா என்று கேட்காதீர்கள். சில பூஞ்சைகள் விடும் நச்சு கொதிநீரில் அழியாது. பழைய ஹாங்காங் கிடங்குச் சரக்கில் வட்டின் நடுவே மெல்லிய வெண்பனி போல இருப்பதைத் துலக்கிவிட்டுக் குடிக்கிறவர்கள் உண்டு. எந்தப் பூஞ்சை என்று கண்ணால் சொல்ல முடியாது என்பதால் நான் அதைத் தொடுவதில்லை.

மஞ்சள் புள்ளி தனிக் கதை. ஹூனான் மாநிலத்தில் ஆன்ஹுவா வட்டாரத்தின் ஃபூ செங்கல் தேயிலையில் மஞ்சள் பூஞ்சையை வேண்டுமென்றே வளர்ப்பார்கள். 'தங்கப்பூ' என்று அதற்குப் பெயர், நிறைய இருந்தால் நல்ல சரக்கு. அது வேறு தேயிலை, வேறு தயாரிப்பு முறை. பு-அர் வட்டில் மஞ்சளாக இருப்பதைக் காட்டி "இதுவும் தங்கப்பூதான்" என்று விற்பவர் சொன்னால், சிரித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஏன் வந்தது? என் வீட்டில் வந்த கதையைச் சொல்கிறேன். சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடு. டிசம்பர் மழையில் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் நான்கு வட்டுகளை அடுக்கி வைத்திருந்தேன். அறைக்குள் மாட்டியிருந்த ஈரமானி 68 சதவீதம் காட்டியது, நானும் நிம்மதியாக இருந்தேன். சுவரில் சாய்ந்திருந்த வட்டின் பின்பக்கம் மட்டும் ஜனவரியில் பச்சை பூத்திருந்தது. அறையின் ஈரம் வேறு, குளிர்ந்த சுவரை ஒட்டிய மூலையின் ஈரம் வேறு. அதன்பிறகு எதையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் வைக்கிறேன்.

ஈரமானியைச் சோதிக்காமல் நம்பவும் கூடாது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கூழாக்குங்கள். கரைந்து நீராகிவிடக் கூடாது. அதையும் ஈரமானியையும் காற்றுப் புகாத பையில் ஒரு நாள் மூடி வையுங்கள். ஈரமானி 75 காட்ட வேண்டும். 69 காட்டினால் உங்கள் கருவி ஆறு குறைவாகச் சொல்கிறது. அந்த எண்ணைப் பின்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள். சேமிப்புக்கு 60 முதல் 70 வரை நல்லது. 75-ஐத் தாண்டிப் பல நாள் நின்றால் ஆபத்து.

கசக்கிறது, நாக்கை இழுக்கிறது

இரண்டையும் பிரியுங்கள். நமக்கு அறுசுவையிலேயே துவர்ப்பு தனியாக இருப்பதால் இது சுலபம்: பாகற்காய் கசப்பு, பாக்கு துவர்ப்பு.

இளம் ஷெங்கில் கசப்பு இருக்கத்தான் செய்யும். யுன்னானின் புலாங் மலைத் தேயிலை அதில் பேர்போனது. அதே மாநிலத்தின் யீவூ பக்கத்துத் தேயிலை சாதுவானது. கசப்பு வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் தொண்டையில் ஒரு இனிப்பு வரும் அல்லவா? அதே இனிப்பைச் சீனர்கள் ஹுய்கான் என்கிறார்கள், திரும்பி வரும் இனிமை. அது வந்தால் தேயிலை நல்லது, கைதான் கொஞ்சம் அதிகம். கசப்பு போகாமல் அடி நாக்கிலேயே உட்கார்ந்து, வாய் உலர்ந்துகொண்டே போனால் தேயிலையே சுமார்தான்.

கை அதிகம் என்றால்: 100 மில்லிக்கு 7 கிராம் போட்டிருந்தால் 5 ஆக்குங்கள். முதல் நாலைந்து முறை ஐந்து விநாடிக்கு மேல் வைக்காதீர்கள். மூடியைப் பிடித்து வடிக்கவே அவ்வளவு நேரம் ஆகும், எனவே ஊற்றியதும் வடிப்பதுதான் கணக்கு. தண்ணீரைக் கொதி அடங்கவிட்டு 90 டிகிரிக்கு இறக்கலாம். பெரிய குவளையில் போட்டு மறந்துவிடும் ஆளாக இருந்தால் 250 மில்லிக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம்.

ஒன்று சொல்லியாக வேண்டும்: இதில் பாலும் சர்க்கரையும் சேர்த்தால் கசப்பு போகும், கூடவே மற்றதும் போகும். ஷோவில் பால் சேர்ப்பதைக்கூட நான் எதிர்க்கமாட்டேன், குளிர் நாளில் நன்றாகவே இருக்கும். நல்ல ஷெங்கில் மட்டும் வேண்டாமே.

சப்பென்று இருக்கிறது

பெரும்பாலும் தண்ணீர். கேன் தண்ணீரும் வீட்டு ஆர்ஓ நீரும் உப்புகள் அனேகமாக நீங்கிய நீர். அதில் பு-அர் உடம்பில்லாமல் மெலிந்து வரும். மறுபக்கம், கடினமான ஆழ்குழாய்த் தண்ணீரில் போட்டால் நிறம் மங்கி, மேலே எண்ணெய் ஏடு போலப் படியும். இரண்டையும் கலந்து பாருங்கள்: ஆர்ஓ மூன்று பங்கு, வடிகட்டிய குழாய் நீர் ஒரு பங்கு என்று தொடங்கி நாக்குக்குப் பிடித்தபடி மாற்றுங்கள்.

தண்ணீர் சரி என்றால் சூடு. ஷோவுக்கும் பழைய ஷெங்குக்கும் கொதிநீர்தான், தயவு தாட்சண்யம் வேண்டாம். கிண்ணத்தையும் முதலில் வெந்நீரால் சூடாக்குங்கள். ஷோ குவியலில் கட்டிபிடித்துப் போன உருண்டைகளைத் தனியாக லாவ்ச்சாதோவ் என்று விற்பார்கள். அவை திறக்கவே நேரமாகும். அவற்றைக் கிண்ணத்தில் மல்லுக்கட்டாமல் பாத்திரத்தில் போட்டுப் பத்து நிமிடம் சிறுதீயில் கொதிக்கவிடுவது மேல்.

இதெல்லாம் செய்தும் சப்பென்று இருந்தால் தேயிலை காய்ந்து ஓய்ந்திருக்கிறது. நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் இரண்டு வருடம் கிடந்ததா என்று யோசியுங்கள். 65 சதவீதம் ஈரம் காக்கும் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் இரண்டு மூன்று மாதம் வைத்தால் ஓரளவு எழுந்து வரும். தண்ணீர் தெளித்து எழுப்பப் பார்க்காதீர்கள். மறுபடி பூஞ்சைப் பகுதியைப் படிக்க வேண்டியிருக்கும்.

புளிக்கிறது

லேசான உலர் பழப் புளிப்பு பழைய ஷெங்கில் வரலாம், அது அழகு. கெட்ட தயிர் போன்ற கூர்மையான புளிப்பு என்றால், குவியலைச் சரியாகக் கிளறவில்லை, அல்லது ஈரம் காயுமுன் உறையிட்டுவிட்டார்கள். மூன்று மாதம் காற்றாட வைத்துப் பாருங்கள். போகவில்லையா, அதோடு விட்டுவிடுங்கள். ஆனால் முதலில் உங்கள் மண் கெண்டியை முகர்ந்துவிடுங்கள்: நேற்றைய இலையை எடுக்காமல் மூடி வைத்திருந்தால் குற்றவாளி அதுதான்.

வேறு ஏதோ வாடை

தேயிலை வாடையை உறிஞ்சும், திருப்பித் தராது. சாம்பார்பொடி டப்பா இருக்கும் அலமாரி, பூஜை அறை, காப்பிப்பொடிக்குப் பக்கம், எல்லாமே கூடாது. பீரோவில் அந்துருண்டைக்கு அருகே மூன்று வாரம் இருந்த வட்டு ஒன்றை மீட்க நான் ஒரு வருடம் முயன்றேன். முடியவில்லை. ஷெங்கையும் ஷோவையும்கூட ஒரே டப்பாவில் வைக்காதீர்கள், ஷோவின் வாடை ஷெங்கில் ஏறிவிடும்.

புகை வாடை மட்டும் விதிவிலக்கு. அது உங்கள் வீட்டில் வந்ததல்ல; இலையை வாட்டிய விறகு அடுப்பிலிருந்து வந்தது. வருடங்களில் குறையும், சிலர் அதைத் தேடியே வாங்குகிறார்கள்.

"இருபது வருடப் பழசு" என்று வாங்கியதில் சந்தேகம்

மேலே சொன்ன சோதனையில் தட்டில் கவிழ்த்த இலைக்கு வாருங்கள். மிகவும் பரவலான ஏமாற்று, ஷோவைப் பழைய ஷெங் என்று விற்பது. இரண்டும் கறுப்பாகத் தெரியும், ஆனால் ஊறிய பிறகு மறைக்க முடியாது. பழைய ஷெங் இலை பழுப்பும் ஆலிவ் பச்சையும் கலந்து, விரலில் இழுத்தால் மென்மையாக விரியும், நரம்பு தெரியும். ஷோ இலை கருகியது போல் கறுத்து விறைப்பாக இருக்கும், அல்லது கூழாகக் கரையும். தேநீரிலும் வித்தியாசம் உண்டு: பழைய ஷெங் செம்பழுப்பாக, தெளிவாக, கோப்பையின் அடி தெரியும்படி இருக்கும், ஷோ இரண்டாவது வடிப்பிலேயே இருட்டு.

அடுத்தது உறைத்தாள். தேதி அச்சிடாத பழைய உறைகள் நிறைய இருப்பதால் விற்பவர் சொல்வதுதான் வயது என்றாகிவிடுகிறது. ஆனால் தாளே சில சமயம் காட்டிக்கொடுக்கும். சீன உணவுப் பொட்டலங்களில் க்யூஎஸ் என்ற தரக்குறி 2000-க்குப் பிறகு வந்தது. எஸ்சி என்று தொடங்கும் உரிம எண் 2015-க்குப் பிறகு. 1998 என்று சொல்லும் வட்டில் இவற்றில் ஒன்று இருந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. யுன்னானின் மெங்ஹாய் தேயிலை ஆலையின் 'தாயி' வணிகச் சின்னம் பதிவானது 1989-இல். 1980-களின் தொடக்கத்து வட்டில் அது எப்படி வந்தது என்று கேளுங்கள். யுன்னான் ஆலை ஒன்றின் 1965 ஷோ என்றால் காரணம் சொல்லவே வேண்டாம்.

உறையில் உள்ள நான்கு இலக்கக் கலவை எண்ணைப் பார்த்தும் ஏமாறுகிறார்கள். 7542 என்றால் 1975-இல் செய்தது என்று அர்த்தமில்லை. முதல் இரண்டு இலக்கம் அந்தக் கலவை உருவான வருடம், மூன்றாவது இலையின் தரம், கடைசி 2 மெங்ஹாய் ஆலை (1 குன்மிங், 3 சியாகுவான்). போன வருடம் செய்த 7542-உம் 7542-தான்.

சரி, உண்மையிலேயே பழசு என்றே இருக்கட்டும். எங்கே கிடந்தது? கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில், உலர்ந்து குளிர்ந்த குன்மிங்கில் இருபது வருடம் கிடந்ததும், ஹாங்காங்கிலோ மலேசியாவிலோ புழுக்கத்தில் கிடந்ததும் ஒரே வயதுடைய இரு வேறு தேயிலைகள். குன்மிங் சரக்கு வெளிறி இளமையாகத் தெரிவதால் போலி என்று சண்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். வயதைக் கேட்பதற்கு முன் ஊரைக் கேளுங்கள்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2006-இலும் 2007 தொடக்கத்திலும் பு-அர் விலை பைத்தியம்போல் ஏறி, 2007-இலேயே சரிந்தது. அந்த வேகத்தில் செய்து குவித்த சரக்கில் தரம் ஏறுக்குமாறாக இருக்கும். "2007 வட்டு, மலிவு" என்றால் கால் கிலோ கணக்கில் வாங்காமல் 20 கிராம் துண்டு கேளுங்கள். மாதிரி தர மறுக்கும் கடையில் நான் வாங்குவதில்லை. ஏழு வட்டுகளை மூங்கில் மட்டையில் கட்டிய தோங் கட்டு அழகாகத்தான் இருக்கும். வட்டுக்கு 357 கிராம், ஏழுக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. முதல் வட்டைக் குடித்து முடிக்காமல் கட்டு வாங்காதீர்கள்.

வருடங்கள் போகிறது, மாறவே இல்லை

காற்றிழுத்த பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறீர்களா? அதுதான் காரணம். பதமாவதற்குக் கொஞ்சம் காற்றும் ஈரமும் சூடும் வேண்டும். குளிர்சாதனப் பெட்டியிலும் இதே கதை. 25 முதல் 30 டிகிரி, 65 சதவீத ஈரம், இருட்டு, இவ்வளவுதான் தேவை. காகித உறையைக் கழற்ற வேண்டாம். மாதம் ஒரு முறை டப்பாவைத் திறந்து முகர்ந்தால் போதும், தினமும் திறந்து பார்த்தால் ஈரம்தான் தடுமாறும். கரப்பானும் புத்தகப்பூச்சியும் தேயிலையைவிட உறைத்தாளைத்தான் விரும்பும் என்பதால் மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

தேநீர் கலங்கலாக இருக்கிறது

முதல் ஓரிரு வடிப்பில் என்றால் தூள், போகட்டும். இன்னொரு முறை கழுவுங்கள். ஆறிய பிறகு கலங்கினால் அது இயல்பு, கடுப்பமான எந்தத் தேநீரும் குளிர்ந்தால் அப்படித்தான். ஐந்தாவது வடிப்பிலும் சூடாக இருக்கும்போதே கலங்கலாக இருந்து, கூடவே வாடையும் இருந்தால் ஈரத்தில் கெட்ட சரக்கு.

வட்டை உடைக்க முடியவில்லை

சியாகுவான் ஆலையின் 'இரும்பு வட்டை', அதாவது கல்போல் இறுக அழுத்திய வட்டை, உடைக்கும்போது ரத்தம் பார்க்காதவர்கள் குறைவு. காய்கறிக் கத்தியை எடுக்காதீர்கள். மெல்லிய குத்தூசியை வட்டின் விளிம்பிலிருந்து, இலைகள் படிந்திருக்கும் அடுக்குக்கு இணையாகச் செருகி, நெம்புங்கள். மேலிருந்து குத்தினால் தூள்தான் மிஞ்சும், தூள் கசக்கும். வட்டைப் பிடித்திருக்கும் கை ஊசிக்கு எதிர்ப்பக்கம் வரவே கூடாது. கீழே ஒரு தாம்பாளம் வைத்துக்கொண்டால் சிதறுவது வீணாகாது.

வயிறு கலங்குகிறது, தூக்கம் வரவில்லை

இளம் ஷெங்கை வெறும் வயிற்றில் குடித்திருப்பீர்கள். சாப்பிட்டு அரை மணி கழித்துக் குடியுங்கள். "பழைய தேயிலையில் காஃபின் இருக்காது, இரவிலும் குடிக்கலாம்" என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். இருக்கும். இரவு பத்து மணிக்கு எட்டாவது வடிப்பைக் குடித்துவிட்டு விடிய விடிய விழித்திருந்தால் அதற்கு இந்தப் பக்கத்தில் மருந்து இல்லை.